மூன்று படிகளைக் காணவில்லை: புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் கணினியில் எழுப்பிப் பார்த்த அனுபவம்

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் தெருத் திண்ணைக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் திண்ணைக்கு ஏறும் மூன்று கருங்கல் படிகள் தெளிவாகத் தெரிகின்றன. இன்று அதே இடத்தில் போய் நின்றால் ஒரு படிகூட இல்லை. தெருவிலிருந்து காலை எடுத்து வைத்தால் நேராகத் திண்ணைதான். நடையைத் தாண்டி முற்றத்துக்குப் போனால் தெருவைவிடத் தாழ்வான இடத்தில் நிற்கிறோம் என்பது காலுக்கே தெரிகிறது.

போட்டோவில் இருக்கும் பெண்தான் இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கும் அம்மா. வீட்டை அளந்து பார்க்க நாங்கள் முதல்முறை போனபோது அவர் சொன்னது: "ரோடு போடறப்பல்லாம் வீடு ஒரு சாண் கீழ போவுது தம்பி." வயதானவர்கள் பேச்சுவாக்கில் சொல்வது என்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த வாக்கியம்தான் எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்துக்கு வந்தது.

வீடு இருப்பது புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில். தெருவைப் பார்த்து மரத்தூண் நிற்கும் தாழ்வாரம், அதற்குப் பின்னால் திண்ணை, நிலைக்கதவு, நடை, எட்டுத் தூண் சூழ்ந்த முற்றம், கடைசியில் கிணறும் தோட்டமும். கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு. முன்பக்கம் மட்டும் ஒரு மாடி உண்டு. அது பிரெஞ்சு சாயல். வளைவு ஜன்னல்கள், சுண்ணாம்பில் இழுத்த பட்டைகள், பலகைத் தகடு வைத்த மரக்கதவுகள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்கிற இந்தக் கலப்பை ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையிலேயே பார்க்கலாம். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு திரும்ப எழுந்த வீடுகளில் இந்தக் கலப்பு வழக்கமாகவே ஆகிவிட்டது.

வாரிசுகள் ஐந்து பேர். இரண்டு பேர் பாரிஸ் பக்கம், ஒருவர் சென்னை, ஒருவர் கடலூர், அப்புறம் இந்த அம்மா. மாடிக் கூரை ஒழுகுகிறது, கீழ்ச்சுவரில் உப்புப் பொரிகிறது, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தருகிறேன் என்று ஒருவர் அடிக்கடி வந்து போகிறார். எங்களிடம் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "வீடு நிக்குமா, நிக்காதா?"

கணினி மாதிரி எதற்கு

கட்டடத் தகவல் மாதிரி என்பதை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் பிம் என்றுதான் சொல்கிறோம். சாதாரண வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. பிம்மில் சுவர் ஒரு பொருள். தான் எவ்வளவு தடிமன், எதனால் ஆனது, எந்தத் தளத்தைத் தாங்குகிறது என்பதெல்லாம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். புதுக் கட்டடத்துக்கு முதலில் மாதிரி, பிறகு கட்டடம். பழைய வீட்டில் வரிசை தலைகீழ். கட்டடம் இருநூறு வருஷமாக நிற்கிறது, மாதிரி அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். 2009இல் டப்ளினில் மாரிஸ் மர்ஃபியும் உடன் பணியாற்றியவர்களும் இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். லேசர் ஸ்கேன் எடுத்து, அதாவது லேசர் பட்டுத் திரும்பும் இடங்களை எல்லாம் புள்ளிகளாகப் பதிந்து, அந்தப் புள்ளிகளின் மேல் தூண், ஜன்னல், கார்னிஸ் (சுவர் உச்சியில் நீட்டிய விளிம்பு) எனத் தயாராக வைத்திருக்கும் பொருள்களைப் பொருத்துவது அவர்கள் முறை. மரபுக் கட்டட பிம் அப்படித்தான் தொடங்கியது.

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கதை இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும். ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் அதை ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை வைத்து, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளாக ஸ்கேன் செய்து வைத்திருந்தார். 2018இல் அவர் இறந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்தது. 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறக்கும்வரை நடந்த வேலையில் அந்தப் புள்ளிகளும் கைகொடுத்தன.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1870-71இல் கடற்கரைச் சாலையில் எழுந்த மேரி என்ற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று, மழையில், மொத்தமாகச் சரிந்தது. பிறகு அதே முகத்தோடு திரும்பக் கட்டினார்கள்; இன்று கடற்கரைக்குப் போகிற வெளியூர்க்காரர்களுக்கு வித்தியாசமே தெரியாது. வெளித்தோற்றத்தைப் படங்களிலிருந்து திரும்பக் கொண்டுவந்துவிடலாம். சுவருக்குள் என்ன இருந்தது, எந்த விட்டம் எந்தச் சுவரில் எத்தனை அங்குலம் உட்கார்ந்திருந்தது என்பதை எந்தப் படத்திலிருந்தும் எடுக்க முடியாது. அந்தத் தகவல் விழுந்த அன்றே போய்விடும்.

ஸ்கேன் எடுத்த நாள்

கருவியை ஒரே ஒரு நாளைக்குத்தான் வாடகைக்கு எடுத்தோம். அந்த ஒரு நாள் வாடகையில் ஒரு மேஸ்திரியும் இரண்டு சித்தாளும் ஒரு வாரம் வேலை செய்வார்கள். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கே தெருவில் முக்காலியைப் போட்டோம். ஆறரைக்கு மேல் பால்காரர், பள்ளிக்கூட ஆட்டோ, பைக் என்று வரத் தொடங்கினால் ஒவ்வொன்றும் புள்ளிக்கூட்டத்தில் புகைபோல ஒரு கோடாகப் பதிந்துவிடும்.

அம்மா அதற்கும் முன்னால் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார். "இத அழிச்சிடணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அந்தக் கோலம் இப்போதும் எங்கள் கோப்பில், தெரு மட்டத்தில், புள்ளி புள்ளியாக இருக்கிறது.

மொத்தம் 41 இடங்களில் கருவியை வைத்தோம். ஓர் இடத்தில் எடுத்ததை இன்னோர் இடத்தில் எடுத்ததோடு இணைக்க இரண்டிலும் பொதுவாகத் தெரியும் அடையாளங்கள் வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டைகளை அங்கங்கே ஒட்டினோம். இருட்டான நடையும் மாடிப்படியும்தான் அதிக நேரத்தைத் தின்றன. படிக்கட்டு ஒரு ஆள் அகலம், நடுவில் திருப்பம். அங்கே இணைப்பு நழுவினால் மாடி முழுவதும் சில சென்டிமீட்டர் சாய்ந்து உட்கார்ந்துவிடும், யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால் படிக்கட்டில் மட்டும் ஆறு இடம்.

பூஜை அறையில் ஒரு வேடிக்கை நடந்தது. கண்ணாடி போட்ட சாமிப் படங்கள் சுவர் முழுக்க இருந்தன. லேசர் கண்ணாடியில் பட்டுத் திரும்பியதால், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பூஜை அறை இருப்பதுபோலக் கோப்பில் பதிவாகிவிட்டது. குத்துவிளக்கு உட்பட. அந்த மாய அறையை ஒவ்வொரு புள்ளியாக அழிப்பதற்கு அரை நாள் ஆனது. படங்களுக்கு முன்னால் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டிருந்தால் வேலையே இல்லை.

மாலையில் எங்களிடம் சுமார் 60 கோடிப் புள்ளிகள் இருந்தன. ஓர் ஓட்டையும் இருந்தது. மாடிக் கூடத்தின் மேற்கு ஓரத்தைப் பிற்காலத்தில் தடுத்து ஓர் அறையாக்கியிருக்கிறார்கள். அது பாரிஸ் தம்பியின் பங்கு. பூட்டியிருந்தது. சாவி பாரிஸில்.

நேராக்கும் ஆசை

புள்ளிகளை மாதிரியாக மாற்றுவதுதான் நிஜமான வேலை. மென்பொருளுக்குச் சுவர் என்றால் செங்குத்து, மூலை என்றால் 90 பாகை. புதுக் கட்டடத்துக்காகச் செய்த கருவி அது, அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்த வீட்டின் மாடிக் கூடத்தில் ஒரு மூலைகூடச் சரியான செங்கோணம் இல்லை, கீழ்ச்சுவர் அடியில் தடித்து மேலே மெலிகிறது. சுவரைப் புள்ளிகளின் மேல் போட்டால் சில இடத்தில் வெளியே பிதுங்கும், சில இடத்தில் உள்ளே போகும். "கொஞ்சம்தானே" என்று நேராகப் போட்டுவிட்டுப் போகக் கை துடிக்கும்.

எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். 15 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நேராக வரைந்து குறிப்பு எழுதுவது. அதற்கு மேல் போனால் கோணலைக் கோணலாகவே வரைவது. இந்த விதி சரியா என்று எங்கள் அலுவலகத்திலேயே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

செதுக்கு வேலையில் ஒரு தப்புச் செய்தோம். நிலைக்கதவின் பூ வேலைப்பாட்டை ஒவ்வொரு இதழாக வரைய உட்கார்ந்து மூன்று வாரம் போனது. வீடு நிற்குமா என்ற கேள்விக்கும் அந்தப் பூவுக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு புத்தி வந்து, எட்டுத் தூண்களில் ஒன்றின் போதிகையை (தூணின் செதுக்கிய தலைப்பகுதியை) மட்டும் சுமார் 120 போட்டோ எடுத்து முப்பரிமாண வடிவமாக்கி இணைத்துவிட்டு, மற்றவற்றை எளிய உருவமாகவே விட்டோம்.

தூண்களில் ஒரு நல்ல விஷயமும் கிடைத்தது. ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 2.09 மீட்டர், 2.10, திரும்ப 2.09. அடியில் பார்த்தாலும் மீட்டரில் பார்த்தாலும் முழு எண் வரவில்லை. கதவு பார்க்க வந்திருந்த ஆசாரியிடம் சும்மா சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "ரெண்டரைத் தச்சுமுழம் சார்." தச்சுமுழம் 33 அங்குலம், அதாவது 83.8 சென்டிமீட்டர், இரண்டரையால் பெருக்கினால் 2.095 மீட்டர். அதற்குப் பிறகு வீட்டின் நீள அகலங்களை அந்தக் கோலால் அளந்து பார்த்தபோது பாதிக்கு மேல் பொருந்தின. பொருந்தாத அளவுகள் எல்லாம் பின்னால் சேர்த்த பகுதிகள். மாடியில் தடுத்த அந்த அறையும் அதில் ஒன்று. மர்ஃபியின் குழு ஐரோப்பியக் கட்டட மாதிரிப் புத்தகங்களை வைத்துத் தூண்களைத் தயாரித்தார்கள். எங்களுக்கு அந்த இடத்தில் ஆசாரியின் முழக்கோல் இருந்தது.

மொட்டைமாடி சொன்னது

மாடியின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாட்டில் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் போட்டு நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிக்கும் முறை. தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் நூறு வருஷம் அசையாது.

அதன் தடிமனை டேப் வைத்து அளக்க வழியில்லை, ஓட்டை போட்டால்தான் உண்டு. ஸ்கேனில் மாடிக் கூரையின் அடிப்பக்கமும் மொட்டைமாடியின் மேல்பக்கமும் ஒரே அளவுச் சட்டத்துக்குள் இருக்கின்றன. இதிலிருந்து அதைக் கழித்தால் தடிமன் வந்துவிடும். விட்டத்துக்கு மேல் 38 சென்டிமீட்டர் வந்தது. செங்கல், காரை, ஓடு எல்லாம் சேர்த்தாலும் 27க்கு மேல் இருக்க நியாயமில்லை. மீதி 11 எங்கிருந்து வந்தது?

ஓரத்தில் ஒரு சின்னக் குழி வெட்டிப் பார்த்தோம். பழைய தட்டோடு, அதன்மேல் ஒரு காரை, அதன்மேல் இன்னொரு வரிசை ஓடு, அதற்கும் மேல் சிமென்ட். ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன்மேலேயே புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று வருஷம் ஒழுகல் நின்றிருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது.

கணக்கு எளிது. எங்களுக்குத் திறந்திருந்த பகுதி 5 மீட்டருக்கு 3.6 மீட்டர், 18 சதுர மீட்டர். அதன்மேல் 11 சென்டிமீட்டர் என்றால் 2 கன மீட்டர். இந்த மாதிரிக் காரை ஒரு கன மீட்டர் சுமார் 1,900 கிலோ. ஆக, கட்டியவர் கனவிலும் நினைக்காத கிட்டத்தட்ட 4 டன் அந்த விட்டங்களின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சுமையேற்றிய இரண்டு சின்ன யானை வண்டிகளை மொட்டைமாடியில் நிறுத்தியதற்கு மேல்.

எடையைவிட மோசமான ஒன்று இருந்தது. தளம் உயர உயர மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு பள்ளத்துக்குள் போய்விட்டது. அதைச் சுற்றிச் சிமென்டால் ஒரு குழி மாதிரி விட்டிருந்தார்கள். அதில் இலை அடைத்தால் தண்ணீர் நிற்கும். அது நிற்கிற இடத்துக்கு நேர்கீழேதான் விட்டங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கின்றன.

தெரு சொன்னது

கீழ்த்தளத்தில் உப்புப் பொரிந்த சுவர்களுக்கு ஈரக்கோடு எந்த உயரம்வரை போகிறது என்று மாதிரியிலேயே வரைந்தோம். கோடு வீடு முழுக்க ஒரே உயரத்தில் இல்லை. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாகவும், முன்கூடத்தில் இடுப்புக்கு மேலும் போனது. முன்கூடத்தில் மட்டும் மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூச்சு. அம்மாவின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது, உப்பை மறைக்கப் பூசியது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேல் வந்து உப்பைக் கக்கும். நாலு வருஷத்தில் கறை இன்னும் உயரத்தில் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

சரி, அவ்வளவு ஈரம் எங்கிருந்து? தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் வீட்டை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தோம். நிஜத்தில் அல்ல, திரையில். அந்த ஒரு வெட்டுத் தோற்றம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. தெருவின் மட்டம் முற்றத்துத் தரையைவிட 22 சென்டிமீட்டர் மேலே. முற்றத்தின் ஜலதாரை நடைக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போகிறது. அதாவது, போக வேண்டும். இப்போது தெருத் தண்ணீர்தான் அதன் வழியாக வீட்டுக்குள் வருகிறது. ஒரு தார் அடுக்கின்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று எனப் போட்டுக்கொண்டே போனதில் கல்யாணப் போட்டோவின் மூன்று படிகளும் ரோட்டுக்கு அடியில் போய்விட்டன. அம்மா சொன்ன ஒரு சாண் என்பது 9 அங்குலம். 22 சென்டிமீட்டருக்கு அது அவ்வளவு தூரமில்லை.

தெரு, மொட்டைமாடி, சிமென்ட் பூச்சு. மூன்று இடத்திலும் நடந்தது ஒன்றே: பழையதை எடுக்காமல் மேலே போட்டது. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்த கொத்தனார்கள் பலர் இருந்திருப்பார்கள். மட்டங்கள் எல்லாம் ஒரே சட்டத்தில் வந்தபோதுதான் மூன்றும் ஒரே வியாதி என்று எங்களுக்குப் பிடிபட்டது.

எங்கள் தப்பு

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதுவது நேர்மையாகாது.

மாதிரி தயாரானதும் வீட்டிலேயே டிவியில் இணைத்துக் காட்டினோம். பாரிஸ் தம்பி வீடியோ அழைப்பில் இருந்தார். வீடு திரையில் சுழன்றது. மாடிக் கூரையைக் கழற்றி ஓரமாக வைத்துக் காட்டினேன். பதினான்கு தேக்கு விட்டங்கள், பளிச்சென்ற பழுப்பு நிறத்தில், இரண்டு பக்கமும் சுவருக்குள் 20 சென்டிமீட்டர் போய் உட்கார்ந்திருந்தன. "மரமெல்லாம் நல்லாருக்குல்ல?" என்று அவர் கேட்டார். நல்லாயிருக்கு, மேல் பாரத்தைக் குறைத்தால் போதும் என்றேன். அதை வைத்துத்தான் முதல் மதிப்பீட்டைக் கொடுத்தோம்.

பத்து நாள் கழித்து மேஸ்திரி சாரம் கட்டி ஏறினார். உளியின் பிடியால் விட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நடுவில் தட்டும்போது ‘டங்’ என்று கேட்டது. சுவரோரத்தில் நான்காவதைத் தட்டியபோது ‘பொத்’. ஸ்க்ரூடிரைவரை வைத்து மெதுவாக அழுத்தினார். அது மூன்று அங்குலம் உள்ளே போனது, வெண்ணெயில் போவதுபோல. "சார், இது மரமில்ல, மாவு" என்றார் கீழே பார்த்து. தூம்புக்கு அடியில் இருந்த நான்கு முனைகள் அப்படி. சுவருக்குள் 20 சென்டிமீட்டர் என்று நாங்கள் வரைந்ததும் ஊகம்தான். திறந்து பார்த்தபோது ஒன்று 11 சென்டிமீட்டர்தான் உட்கார்ந்திருந்தது, அதிலும் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

ஸ்கேனர் சுவருக்கு வெளியே தெரிகிறதை மட்டும்தான் பார்க்கும். விட்டத்தின் முனை சுவருக்குள் இருக்கிறது. அங்கே நாங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோலவே, அதே நிறத்தில், அதே துல்லியத்தில் வரைந்துவிட்டோம். பார்த்தவர்கள் நம்பினார்கள். நானே நம்பினேன் என்பதுதான் விஷயம். மதிப்பீடு ஏறியபோது கடலூர் அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு மாதிரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தகவல் சேர்த்தோம்: இதை எப்படித் தெரிந்துகொண்டோம்? கண்ணால் பார்த்து அளந்தது பச்சை. தட்டியோ துளையிட்டோ சோதித்தது நீலம். ஊகம் சாம்பல். ஒரு விட்டத்தை மூன்று துண்டாக உடைத்தோம்; நடுப்பகுதி ஒன்று, சுவருக்குள் போகும் முனைகள் இரண்டு. நிறத்தை மாற்றி மறுபடி திரையில் பார்த்தபோது வீடு வேறு மாதிரி இருந்தது. முனைகள், அஸ்திவாரம், தரைக்கு அடியில் போகும் ஜலதாரை எல்லாமே சாம்பல். எங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மதிப்பீட்டில் சாம்பல் பகுதிகளுக்குத் தனியாக ஒரு தொகையை ஒதுக்கி எழுதினோம். வீட்டுக்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. எதற்கு எவ்வளவு, எது இன்னும் தெரியவில்லை என்று அவர்களே விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

வேலை நடந்த விதம்

மழைக்கு முன்னால் மொட்டைமாடி. முதலில் கீழே சவுக்குக் கழிகளை முட்டுக்கொடுத்து, மேலே சேர்ந்த அடுக்குகளைக் கையாலேயே பெயர்த்தார்கள். இயந்திரம் வேண்டாம் என்றதற்கு மேஸ்திரியே காரணம். அதிர்வில் அடிச்செங்கல் கழன்றுவிடும் என்றார். எந்தப் பக்கமிருந்து பாரத்தை எடுக்க ஆரம்பிப்பது என்பதற்கு மாதிரி உதவியது. விட்டங்கள் எங்கே அதிகம் தொய்ந்திருக்கின்றன என்று வண்ணப் படமாக அச்சிட்டுக் கொடுத்தோம். அவர் அதை மடித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

அழுகிய முனைகளை அறுத்து, காரைக்குடிப் பக்கம் வாங்கிய பழைய தேக்கைச் சாய்வெட்டில் சேர்த்து, துருப்பிடிக்காத போல்ட் போட்டு முடுக்கினோம். முழு விட்டத்தையும் மாற்றியிருக்கலாம். நடுமரம் ‘டங்’ என்று சொல்லும்போது அதைக் கழற்ற மனசு வரவில்லை. சேர்த்த முனைகளைச் சுற்றிச் சுவரில் காற்றுப்போக இடம் விட்டோம். தூம்பைப் பழைய மட்டத்துக்கே இறக்கினோம்.

கீழே சிமென்ட் பூச்சை முழுவதும் உடைத்து எடுத்தோம். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் தூரிகையால் உலரவே தட்டி எடுத்து, சுவரைத் தை தொடங்கிச் சித்திரை வரை காயவிட்டோம். அந்த நாலு மாதமும் கூடம் செங்கல் தெரியச் சிரங்கு பிடித்த மாதிரி இருந்தது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "இன்னும் பூசலியா?" என்று கேட்டு அம்மாவைப் படுத்திவிட்டார்கள். பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு.

தெருவை இறக்க எங்களால் முடியாது. ஜலதாரையைத் திருப்ப வழி இருக்கிறதா என்று மாதிரியில் பார்த்தோம். கொல்லை முற்றத்தைவிட 19 சென்டிமீட்டர் தாழ்வு. முற்றத்திலிருந்து கொல்லைக்கு 14 மீட்டர். நூறுக்கு ஒன்று சரிவு கொடுத்தால் 14 சென்டிமீட்டர் போதும். ஐந்து மிச்சம். தண்ணீரைப் பின்பக்கம் திருப்பி, கிணற்றுக்குப் பக்கத்தில் ஓர் உறிஞ்சு குழிக்குள் விட்டோம். மணல்பாங்கான மண் என்பதால் உடனே இறங்குகிறது. ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடும் நாட்களுக்கு ஒரு சின்ன மோட்டாரும் வைத்திருக்கிறோம். தானே புயல் மாதிரி ஒன்று வந்தால் அது போதாது. அதையும் சொல்லித்தான் வைத்திருக்கிறோம்.

கோப்புகள்

வேலை முடிந்ததும் குடும்பத்துக்கு மாதிரியைப் பல மென்பொருள்களில் திறக்கக்கூடிய ஐஎஃப்சி என்ற பொது வடிவத்திலும், புள்ளிகளை அதேபோன்ற இ57 வடிவத்திலும் கொடுத்தோம். இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. வேறொரு பழைய கட்டடத்துக்குச் சில வருஷம் முன்னால் யாரோ செய்த மாதிரி எங்களிடம் வந்தது. அந்த மென்பொருளின் அந்தப் பதிப்பு இப்போது யாரிடமும் இல்லை. திறக்கவே முடியவில்லை. ஓலைச்சுவடியாவது கரையானுக்குத் தப்பினால் படிக்கலாம். வெட்டுத் தோற்றங்களைக் காகிதத்திலும் அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தோம். அவர் அதைப் பத்திரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

ஒரு வருஷம் கழித்து அதே அடையாளங்களை வைத்து மாடியை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தோம். விட்டங்கள் மேலும் தொய்ந்ததாகத் தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் இணைப்பிலேயே மூன்று நாலு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். அதற்குக் கீழான அசைவைப் பிடிக்க விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவைக்கும் பழைய வித்தைதான். அசைந்தால் கண்ணாடி உடையும். இரண்டு ஒட்டியிருக்கிறோம், இரண்டும் முழுசாக இருக்கின்றன.

அடுக்குமாடிக்காரர் இப்போது வருவதில்லை. பாகப் பேச்சில் ஐந்து பேரும் அந்த மாதிரியைத்தான் திரையில் வைத்துப் பேசினார்கள் என்று கேள்வி. முடிவாகவில்லை. ஆனால் இடிப்பதா என்ற கேள்வி இப்போதைக்கு அடங்கியிருக்கிறது.

பூட்டிய அறைக்கு மேலே உள்ள மூன்று விட்டங்கள் மட்டும் மாதிரியில் தலை முதல் கால் வரை சாம்பலாகவே இருக்கின்றன. அந்த அறை ஒரு வெற்றுப் பெட்டி. அதற்கு மேலே மொட்டைமாடியில் பழைய அடுக்குகளை இன்னும் எடுக்கவில்லை. அடியில் முட்டுக் கொடுக்க முடியாமல் மேலே கை வைக்க மேஸ்திரி ஒப்பவில்லை. தூம்பை இறக்கியதால் அங்கே தண்ணீர் நிற்காது என்பது வரைக்கும் நிச்சயம். தம்பி பொங்கலுக்கு வருகிறார். சாவியை மறக்காமல் எடுத்துவரச் சொல்லி அம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.